நாலு விரல் சாய்வு

அரங்கத்தில் அவளை எல்லோரும் ஆந்தை என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் லைட்டுக்காரர். இளையவர்கள் அதோடு ஓர் அக்காவைச் சேர்த்துக்கொண்டார்கள், பெரியவர்கள் வெறும் ஆந்தையோடு நிறுத்திக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. "இருட்டுல கண்ணு தெரியுதுன்னுதானே வெச்சிருக்காங்க, முழிக்கறேன்னு வெச்சிருந்தாத்தான் கோபம்" என்பாள்.

அவள் பார்த்த வேலை இஸ்திரி. மேடைக்கு நேர் கீழே, குனிந்து நுழைய வேண்டிய ஓர் அறை. ராஜா அங்கியும் பிச்சைக்காரன் கந்தலும் ஒரே கொடியில் அக்கம்பக்கமாகத் தொங்கும். அங்கியைவிடக் கந்தலுக்குத்தான் மெனக்கெட வேண்டும். அது கசங்கிய துணியாகத் தெரியக் கூடாது, உழைத்துத் தேய்ந்த துணியாகத் தெரிய வேண்டும். நாடகம் நடக்கும்போது தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்கும். யார் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று காலடியை வைத்தே சொல்லிவிடுவாள். முகங்களை மட்டும் அவள் பார்ப்பது அபூர்வம். நீராவியிலேயே வருடங்கள் போயின.

ஒரு நாள் கிழிந்த உடுப்பு ஒன்றைத் தைத்து எடுத்துக்கொண்டு மேடையின் பக்கத் திரைக்குள் நின்றிருந்தாள். அடுத்து நுழைய வேண்டிய நடிகர் அவளருகில் கண்ணை மூடி நின்றார். மேடையிலிருந்து கசிந்த வெளிச்சத்தில் அவர் முகம் மாறிக்கொண்டே வந்து, வேறொரு மனிதராகி, கண்ணைத் திறந்து உள்ளே போனது. பார்வையாளர்கள் யாருக்கும் அது தெரியாது. அதைப் பார்த்தது தான் ஒருத்திதான் என்ற நினைப்பு அவளைத் தூங்க விடவில்லை. அதை எப்படியாவது பிடித்து வைத்துவிட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் தொடங்கியது.

கேமரா கைக்கு வந்தது ஒரு பழைய சாமான் கடையில். கேமரா என்னவோ சின்னப் பெட்டிதான். அதன் முன்னால் துருத்திக்கொண்டிருந்த லென்ஸ் தண்ணீர் டம்ளர் பருமன். கடைக்காரர் மறைக்காமல் சொன்னார்.

"இது ரொம்ப வேகமான லென்ஸும்மா. வாயைப் பாருங்க, எவ்ளோ பெரிசு. ஒரு மெழுகுவத்தி எரிஞ்சாப் போதும், படம் விழுந்துரும். ஆனா வாங்கிட்டுப் போறவங்க எல்லாம் திருப்பிக் கொண்டாந்துடறாங்க."

"ஏங்க?"

"தெளிவு விழற இடம் ஒரு நூல்தான். கண்ணு தெளிவா இருந்தா காது மங்கும். காதைப் பிடிச்சா கண்ணு போயிரும். பொறுமை இருக்கறவங்களுக்குத்தான் இது."

"வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்குங்க. பொறுமையெல்லாம் வேண்டிய அளவுக்கு இருக்கு" என்று சொல்லி வாங்கிவிட்டாள்.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே தனியாக ஒரு சிறிய ஜன்னல் இருக்கும். அதற்குள் பார்த்தால் நடுவில் வெளிறிய மஞ்சளில் ஒரு சதுரம் தெரியும். சதுரத்துக்குள் எல்லாமே இரண்டிரண்டு. ஒரு முகத்துக்கு இரண்டு மூக்கு, நாலு கண். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவை நெருங்கி வந்து ஒன்றோடொன்று பொருந்தும். பொருந்தியதும் பொத்தானை அழுத்த வேண்டியதுதான். சத்தம் நாக்கைச் சொடுக்குகிற அளவுக்குக்கூட இருக்காது.

முதல் படச்சுருளை அவள் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே எடுத்து முடித்தாள். தனி ஜன்னல் வழியே எல்லாம் பளிச்சென்று தெரிந்ததால் மூடியின் ஞாபகமே வரவில்லை. கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் வெற்றுச் சுருளைத் தூக்கிப் பிடித்து, "இருட்டை அப்படியே எடுத்திருக்கீங்க" என்றார். அதற்குப் பிறகு வந்த சுருள்களில் தெளிவு கண்ணில் விழாமல், முன்னால் நீட்டிய கையிலும் மூக்கு நுனியிலும் விழுந்தது. அவள் விடவில்லை. குளியலறையையே இருட்டறையாக்கிப் படம் கழுவக் கற்றுக்கொண்டாள். எடுத்து எடுத்து, ஒரு கட்டத்தில் தெளிவு கண்ணிலேயே விழ ஆரம்பித்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "கை பழகிருச்சு" என்பாள். பக்கத் திரைக்குள் நின்று அவள் எடுத்த முகங்கள் ஒவ்வொன்றாக இஸ்திரி அறைச் சுவரை நிறைத்தன. நாத்தனார் ஒரு முறை வந்து பார்த்துவிட்டு, "இருட்டுல எடுத்ததுன்னு சொன்னாத்தான் தெரியுது. நீ துணி தேய்க்கறதைவிட இது நல்லாவே இருக்கு" என்றாள். அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை விளங்கவில்லை.

அரங்கத்தில் ஒவ்வொரு நாடகத்துக்கும் ஆறு பெரிய படங்கள் எடுத்து முன்கூடத்தில் மாட்டுவது வழக்கம். அதற்கென்று ஒரு படக்காரர் இருந்தார். ஃபிளாஷ் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. புது நாடகத்தின் தொடக்க ஒத்திகையில் அவர் நாலு மின்னல் அடித்ததும், முதன்மை நடிகை வசனத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். குழுவே அந்த நடிகையைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும்.

"ஒண்ணு அந்த மின்னல் இங்க இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன். ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தா மழைதான் வரும்" என்றார் பெரியம்மா.

படக்காரர் கோபித்துக்கொண்டு போனவர் போனவர்தான். டைரக்டர் இஸ்திரி அறைக்கு இறங்கி வந்தார். சுவரில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உடுப்போட நடக்கற ஒத்திகை ரெண்டு இருக்கு. வந்து எடுங்க. ஆறு படம் நல்லா வந்தா, இனிமே அந்த வேலை உங்களோடது. இந்தப் புழுக்கத்துல கிடக்க வேண்டாம்."

அவள் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னாள். அவர் படியேறிப் போன பிறகு, இஸ்திரிப் பெட்டியின் கீழே ஒரு சட்டைக் கை தீய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம்.

நாடகம் ஒரு கிழட்டு ராணியைப் பற்றியது. சிம்மாசனத்தை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம் பிடிப்பவள், கடைசியில் தானாகவே கிரீடத்தைக் கழற்றி வைக்கிறாள். அந்தக் கடைசிக் காட்சிக்கு ஒரே ஒரு விளக்குதான் வெளிச்சம். வேறு லென்ஸாக இருந்தால் கறுப்பைத் தவிர எதுவும் விழாது. முதல் ஒத்திகையில் ஆந்தை பக்கத் திரைக்குள் நின்று ஆசை தீர எடுத்தாள். சதுரத்துக்குள் இரண்டு ராணிகள் ஒன்றாகப் பொருந்தும் ஒவ்வொரு முறையும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு நாள் வாய்க்குமென்று அவள் நினைத்ததே இல்லை.

அன்று மாலை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டதால் கணவர் வீட்டுக்கு வரவில்லை. அவள் எடுத்த இரண்டு சுருளையும் கழுவி, துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, உலர்ந்ததும் ஒரு தாளில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்களாக அச்செடுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சிம்மாசனத்தின் முதுகுப்பலகையில் செதுக்கிய பூக்கள் இதழ் இதழாகத் தெரிந்தன. அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்த ராணியின் முகம் நீராவிக்குள் போன மாதிரி இருந்தது. அடுத்த படத்தில் காது தெளிவு, கண் இல்லை. அதற்கடுத்ததில் பின்னால் நின்ற சேவகனின் காலர் தெளிவு. இரண்டு சுருளிலும் ஒரே கதை. கண் என்று ஒன்றில்கூட இல்லை.

மறுநாள் காலை அச்சுத் தாளோடு டைரக்டரின் அறைக்குள் போனாள். பெரியம்மாவும் அங்கே இருந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் தாளை வாங்கிவிட்டார். பூதக்கண்ணாடியைப் படத்துக்குப் படம் நகர்த்திக்கொண்டே போனவர், நிமிர்ந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"எப்படிங்க தோணுச்சு உங்களுக்கு?"

"என்னது சார்?"

"ராணியை மங்க விட்டு நாற்காலியை மட்டும் தெளிவா நிறுத்தியிருக்கீங்க. ஆள் கரைஞ்சு போறா, நாற்காலி நிக்குது. நாடகமே இதுதானே. ரெண்டு மாசமா நான் வாய் வலிக்கச் சொல்லிட்டிருக்கறதை ஒரு படத்துல சொல்லிட்டீங்க. இதே மாதிரி ஆறு குடுங்க, போதும்."

பெரியம்மா தாளைத் தன் பக்கம் இழுத்தார். நிதானமாகப் பார்த்தார்.

"என் மூஞ்சி எங்க?"

"அது வந்து..." என்றார் டைரக்டர்.

"நாளையிலேருந்து நாற்காலியே வசனம் பேசட்டும். நான் வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கறேன். நல்லாப் பண்ணும், அதுக்கு வசனம் மறக்காது."

டைரக்டர் சிரித்தார், ஆனால் தாளை விடவில்லை. ஆந்தை நின்ற இடத்திலேயே நின்றாள். ஆமாம் சார், அப்படித்தான் நினைத்து எடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வேலை கைக்கு வந்துவிடும். நாக்கு நுனிவரை அது வந்தும்விட்டது.

"சார், அது நான் நினைச்சு எடுத்ததில்ல. தப்பா விழுந்துருச்சு."

"தப்பா விழுந்தா என்ன? நல்லாயிருக்கே."

"அடுத்த நாடகத்துக்கு இதே மாதிரி கேட்டீங்கன்னா எனக்கு எடுக்கத் தெரியாது. ஏன் இப்படி ஆச்சுன்னே எனக்குத் தெரியலை. நான் கண்ணைப் பார்த்துத்தான் எடுத்தேன். கண்ணு விழலை. நாளைக்குக் கடைசி ஒத்திகையில இன்னொரு தடவை எடுத்துக் குடுக்கறேன் சார்."

டைரக்டரின் உற்சாகம் வடிந்துவிட்டது. "நாளைக்கும் விழலைன்னா? நாளன்னிக்கு முதல் காட்சி, கதவு திறக்கணும். நான் வெளியிலேருந்துதான் ஆளைக் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க சார். நான் கீழ போயிடறேன்."

அவள் வாசலைத் தாண்டும்போது பெரியம்மா கேட்டார், கேலியில்லாமல்தான் கேட்டார்: "ஏன் ஆந்தை, கண்ணு சரியாத் தெரியுதா உனக்கு?"

அந்தக் கேள்வி அவளோடு படியிறங்கி வந்தது. கண்ணுக்கு வயதாகிவிட்டால் இந்த லென்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஊசியை எடுத்து நூல் கோத்துப் பார்த்தாள். முதல் முறையே நுழைந்தது. மருந்துப் பாட்டிலின் பொடி எழுத்தைப் படித்தாள், படிக்க முடிந்தது. கண் சரி, கை சரி, படம் மட்டும் தப்பு. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது கணவர் வாசலுக்கே வந்துவிட்டார். பரிசு வாங்கப் போகிற முகம்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டுப்போன எதையும் அவரால் சும்மா விட முடியாது. விருந்துக்குப் போன வீட்டில் கை கழுவப் போனவர் திரும்பி வரவில்லையென்றால், அந்த வீட்டுக் குழாய் சரியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

"படமெல்லாம் எப்படி வந்துச்சு?" என்றார்.

அவள் தாளை நீட்டினாள். அவர் பார்த்தார். "நாற்காலி நல்லாத்தானே விழுந்திருக்கு."

"நாற்காலியை யாருங்க எடுக்கச் சொன்னது? எனக்கு என்னமோ ஆயிருச்சு. இல்லேன்னா கேமராவுக்கு ஆயிருச்சு."

"கேமராவுக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

"எப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?"

"நான்தானே அதைத் திறந்து சரி பண்ணி வெச்சேன்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன பண்ணீங்க?"

"ஞாயித்துக்கிழமை நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேல்ல, அப்ப சும்மா எடுத்துப் பார்த்தேன். எதிர்ல தெரியுதே தண்ணித் தொட்டி, அதைப் பார்த்தா, வளையம் கடைசிக்கு வர்றதுக்கு முன்னாலயே ரெண்டு தொட்டியும் ஒண்ணு சேர்ந்து, கடைசியில விலகிடுது. கொஞ்சம் தள்ளியே நிக்குது. முன்னால ஒரு குட்டி மூடி, அதுக்குள்ள ஒரு திருகு. லேசா ஒரு திருப்பு, அவ்வளவுதான். சேர்ந்துருச்சு."

"அதை ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீயே எடுத்துப் பார்த்துட்டு, என்னங்க, கேமரா பூ மாதிரி இருக்கேன்னு கேப்பே, அப்ப சொல்லலாம்னு இருந்தேன்."

"இது என்ன விருந்து வீட்டுக் குழாயா?" என்றாள் அவள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் அவரும் வேலை தெரிந்தவர். சரிசெய்த பொருள் தப்பு செய்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் பாட்டில்களை முன்னும் பின்னுமாக வரிசையாக நிறுத்தினார். கேமராவைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, பின்கதவைத் திறந்து, படச்சுருள் ஓடும் இடத்தில் எண்ணெய்த் தாளை ஒட்டினார். பிறகு அவளை நடுப்பாட்டிலைக் குறிபார்க்கச் சொல்லி, உள்ளே ஷட்டர் மூடிவிடாமல் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். தாளில் பாட்டில்கள் தலைகீழாகத் தெரிந்தன. நடுப்பாட்டிலின் எழுத்து மட்டும் கத்தி மாதிரி இருந்தது. முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் மங்கல்.

"பார்த்தியா, கேமரா சரியா இருக்கு."

"அப்ப நான்தான் சரியில்லையா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லிடுங்க. இன்னிக்கு அதையும் கேட்டுக்கறேன்."

"நீ எப்பவும் எடுக்கற மாதிரி என்னை எடு" என்று அவர் எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அவள் கேமராவைக் கையில் எடுத்து, இரண்டு கணவர்களை ஒன்றாக்கி, மூச்சை விட்டு அழுத்தினாள்.

"இன்னொரு தடவை" என்றார். அவள் எடுத்தாள்.

"ஏன் என்னைப் பார்த்துக் கும்பிடறே?"

"யாரு கும்பிட்டது?"

"குனியறே. குறி பார்த்து முடிச்சதும் முன்னால சாயறே. பாரு." அவர் எழுந்து வந்து, அவள் தோளுக்குப் பின்னால் கையை வைத்தார். அவள் மறுபடி குறிபார்த்து அழுத்தினாள். தோளுக்கும் கைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. அவர் விரல்களைச் செருகிப் பார்த்தார். நாலு விரல்.

அவள் கேமராவை மடியில் வைத்துக்கொண்டாள். கடையிலிருந்து வாங்கிய நாளிலிருந்தே இந்தக் கேமரா பொய் சொல்லியிருக்கிறது. ஜன்னலுக்குள் பொருந்தியது என்று காட்டும்போதெல்லாம் தெளிவு ஆளுக்கு முன்னால்தான் விழுந்திருக்கிறது. வாங்கியவர்கள் எல்லாம் திருப்பிக் கொடுத்தது அதனால்தான். கிட்டே இருப்பவருக்கு ஒரு விரல், தள்ளி இருப்பவருக்கு நாலு விரல் என்று முன்னால் சாய்ந்து, தெளிவை அவர்கள் கண்ணுக்குத் தள்ளிக்கொண்டுபோக அவள் உடம்பு தானாகப் பழகிவிட்டது. அவளுக்கே தெரியாமல். இப்போது கேமரா உண்மை சொல்கிறது, அவள் மட்டும் பழைய பொய்யைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

"வேணும்னா மறுபடி கெடுத்துத் தரட்டுமா?" என்றார் கணவர், மெதுவாக.

"எவ்ளோ கெட்டிருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அதை நான் அளக்கலை. சரியா இருக்கறது ஒரு இடத்துலதான் இருக்கும். கெட்டது எங்க வேணா இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போனது அந்தச் சிரிப்பில்தான்.

சாயாமல் எடுத்துப் பழக ஆரம்பித்தார்கள். சாயாதே, சாயாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே எடுத்தால் சாயவில்லை. சொல்ல மறந்த அடுத்த நொடி சாய்ந்தாள். மேடையில் ராணி அழும்போது சாயாதே என்று சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

"நான் கூட வந்து பின்னாலேருந்து பிடிச்சுக்கறேன்" என்றார் அவர்.

"உங்களுக்கு அங்க என்ன வேஷம்? ராணியோட தம்பியா?"

அவர் உள்ளே போய் லிஃப்ட் குழிக்குள் தொங்கும்போது போட்டுக்கொள்கிற பெல்ட்டை எடுத்து வந்தார். தோளைச் சுற்றி, மார்பைச் சுற்றி, முதுகில் ஒரு வளையத்தில் வந்து முடிகிற பட்டை. அவளுக்கு அதை மாட்டி, முதுகு வளையத்தை ஜன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினார். சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மா, வாங்கிப்போன பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்து நின்றார்.

"ஒண்ணுமில்லக்கா, போட்டோ எடுக்கறோம்" என்றாள் ஆந்தை, கட்டப்பட்ட நிலையில்.

"எடுங்க, எடுங்க" என்று அந்தம்மா பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

பெல்ட் வேலை செய்தது. சாய நினைக்கும்போதெல்லாம் முதுகில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. மறுநாள் மதியம் பக்கத் திரைக்குள் இருந்த இரும்புத் தூணோடு கணவரே வந்து அவளைக் கட்டிவிட்டுப் போனார். முடிச்சை மூன்று முறை சோதித்தார். குழிக்குள் இறங்கும்போதுகூட அவர் இரண்டு முறைதான் சோதிப்பார்.

"ஆந்தையைப் பிடிச்சுக் கட்டிட்டாங்கப்பா" என்று மேலிருந்து லைட்டுக்காரர் அறிவித்தார். குழுவே ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனது. பெரியம்மா ராணி உடுப்போடு வந்து நின்றார்.

"என் ராஜ்ஜியத்துல எனக்குத் தெரியாம யாரைச் சிறை பிடிச்சது?"

"சாயாம இருக்கறதுக்குத்தான் பெரியம்மா."

"குடிச்சிருக்கியா?"

"இல்ல பெரியம்மா, கேமரா சரியாயிருச்சு."

பெரியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும், "நான் அழற கட்டத்துல அவுத்துக்கிட்டு மேடைக்கு வந்துடாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்திகை தொடங்கியது. முதல் படத்தில் பட்டை இழுத்தது. இரண்டாவதில் இழுத்தது. அரசவைக் காட்சி முழுவதும் இழுத்துக்கொண்டே இருந்தது. தோளில் பட்டை பதிந்து எரிந்தது. தூணில் கட்டியிருப்பதால் ஆட்களைத் தேடி நகரவும் முடியாது. அதனால் அவள் இன்னொன்று செய்தாள். ராணி எந்த இடத்துக்கு வந்து நிற்பாள் என்பது தலைக்கு மேலே காலடியைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். அந்த இடத்துக்கு வளையத்தை முன்கூட்டியே திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு ராணிகளும் தாமாகவே வந்து பொருந்துவதற்காகக் காத்திருந்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. மற்ற வெளிச்சமெல்லாம் அணைந்து ஒரு விளக்கு மட்டும் நின்றது. பெரியம்மா சிம்மாசனத்திலிருந்து எழுந்து இரண்டடி வைத்து, கிரீடத்தை இரண்டு கையாலும் தூக்கினார். மஞ்சள் சதுரத்துக்குள் இரண்டு முகங்கள் மிதந்துகொண்டிருந்தன. ஒன்று நின்றது, மற்றொன்று அதை நோக்கி வந்தது. பெரியம்மா தலையைத் திருப்பி, யாரையும் பார்க்காமல், பக்கத் திரையின் இருட்டைப் பார்த்தார். முகங்கள் பொருந்தின. ஆந்தை அழுத்தினாள்.

முதுகில் பட்டை இழுக்கவில்லை.

அவள் அடுத்ததை எடுத்தாள். அப்போதும் இழுக்கவில்லை. பட்டை தொய்ந்து, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. சுருள் தீரும்வரை அது மறுபடி இழுக்கவே இல்லை.

மறுநாள் காலை டைரக்டரின் மேசையில் புதிய தாள் கிடந்தது. நிறையப் படங்கள் வீண்தான். நடிகர்கள் நகர்ந்ததில் பாதி போயிருந்தது. மிச்சத்திலிருந்து அவளே ஆறைத் தேர்ந்தெடுத்துக் கட்டம் போட்டிருந்தாள். டைரக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரியம்மா அவர் கையிலிருந்து பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கி, கிரீடம் தூக்கிய படத்தின் மேல் வைத்துக் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"இமை முடி ஒண்ணொண்ணாத் தெரியுது" என்றார். பிறகு, "இங்க நான் சிரிக்கறேனா?"

"ஆமா பெரியம்மா."

"அழணும்னுல்ல நினைச்சுட்டிருந்தேன் நான்." அவர் டைரக்டரைப் பார்த்தார். "சிரிக்கறதுதான் சரி. இன்னிக்குச் சாயங்காலம் அப்படியே பண்றேன். இந்தப் படத்தை நடுவுல மாட்டுங்க."

டைரக்டர் தலையாட்டினார். "இஸ்திரிக்கு வேற ஆள் பார்க்கச் சொல்லியாச்சு. வர்ற வரைக்கும் ரெண்டையும் பார்த்துக்குங்க. அடுத்த நாடகத்தோட ஒத்திகை ஆரம்பிச்சதும் நீங்க மேலதான் இருக்கணும்." சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "எனக்கு இன்னும் அந்த நாற்காலிப் படம் மனசை விட்டுப் போகலை. அதை வேணும்னே எடுக்கக் கத்துக்குவீங்களா?"

"இப்பத் தெரியும் சார். நாலு விரல் சாயணும்."

அவருக்குப் புரியவில்லை. பரவாயில்லை, இனி நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். மாலையில் முதல் காட்சி. ராணியின் அங்கி ஒத்திகையில் கசங்கிப்போய்க் கீழே காத்திருந்தது. அவள் படியிறங்கிப் போய் இஸ்திரிப் பெட்டியைச் சூடேற்றினாள்.